கதிரை வராத வருசம்

கதிரைக்காரர் போனை எடுக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஒருதரம், நாலேகாலுக்கு ஒருதரம், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தோம். ஐந்தரைக்கு அந்த இலக்கமே செத்துவிட்டது. ஊர்க் கலைவிழாவுக்கென்று முந்நூறு பிளாஸ்டிக் கதிரைக்கு முற்பணம் கொடுத்து, துண்டும் வாங்கி வைத்திருந்தோம். மேடை தயார், ஜெனரேட்டர் தயார், பதாதையும் கட்டியாகிவிட்டது. சனம் இருந்து பார்ப்பதற்கு மட்டும் வெறும் மணல்.

எங்கள் ஊர் படுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். கடலோரம், பொழுது எழுகிற பக்கம், எழுவான்கரை. பட்டணம், பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற அரச செயலகம், கதிரை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கரையில். வயல் வட்டையும் மாடும் தயிரும் கூத்தும் இந்தக் கரையில் என்று சொன்னால் எழுவான்கரையார் சண்டைக்கு வருவார்கள். அவர்களிடமும் கூத்து உண்டு, சரி. ஆனால் தயிர் எங்களுடையதுதான்.

வைகாசியில் கண்ணகை அம்மன் குளுத்திச் சடங்கு முடிந்து, ஊர் ஒருமாதிரி களைத்துக் கிடக்கும் ஆனி மாதத்தில் இந்தக் கலைவிழா வரும். மூன்று நாள். பின்னேரத்தில் கைப்பணிக் கொட்டில்கள்: பன்பாய், பனையோலைப் பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, மண்சட்டி, மருதமுனையில் இருந்து வரும் கைத்தறிச் சாறன். பொழுது பட்டால் பாட்டு, மேளம், ஆட்டம். மூன்றாம் நாள் இரவு கூத்து. நான் கொழும்பில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். இரவு ரயிலில் வந்து, மூன்று நாள் காசு எண்ணி, இரவு ரயிலில் திரும்பிப் போவது என் வேலை.

கதிரை எப்போது இந்த விழாவுக்குள் வந்தது என்று யோசித்தால் எனக்கு மண்முனைப் பாலம் ஞாபகம் வருகிறது. 2014-இல் அந்தப் பாலம் திறக்கும்வரை வாவியைப் பாதையில்தான் கடந்தோம். பாதை என்றால் தெரு அல்ல, மிதந்துபோகிற தட்டு. மோட்டார் சைக்கிள், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளை, கலியாணப் பெண் எல்லாரும் அதில் ஏறித்தான் அக்கரை. அதில் முந்நூறு கதிரையை ஏற்றி இறக்க எவருக்கும் மனம் வராது. பாலம் வந்தது, லொறி வந்தது, லொறியில் கதிரை வந்தது. பாலத்தைக் குறை சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு நடுச்சாமத்தில் பாதைக்காரரை எழுப்பக் கத்திய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆனால் கதிரை சும்மா வரவில்லை. வரும்போது முன்வரிசையையும் கூட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசை வந்ததும் அதில் யார் இருப்பது என்ற கேள்வி வந்தது. பிறகு அவர்களுக்கு மாலை, அவர்களுக்கு மைக், அவர்கள் பேச்சு. மட்டக்களப்பில் மேடைப் பேச்சு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று தொடங்கும். 1892-இல் காரைதீவில் பிறந்து, 1947-இல் பழந்தமிழ் இசையை ஆராய்ந்த யாழ் நூலை வெளியிட்டு, அதே வருடம் கண்மூடிய விபுலாநந்த அடிகளிடம் வந்து முடியும். அடிகளைப் பற்றி எத்தனை தரமும் கேட்கலாம். அந்தப் பேச்சுகளில் யாழ் நூலைத் திறந்து பார்த்த அடையாளம் இருந்தால் இன்னும் இரண்டு தரம் கேட்கலாம்.

கூத்துக்குக் கதிரை செய்த காரியத்தை நான் கண்ணால் கண்ட வருடம் ஒன்று உண்டு. வடமோடிக் கூத்து. வடமோடி, தென்மோடி என்று எங்கள் கூத்து இரண்டு வகை. அன்றைக்குப் பாரதத்தில் ஒரு பகுதி. விடிய விடிய ஆடவேண்டியதை நாற்பது நிமிடமாக வெட்டிக் கொடுத்திருந்தோம். பிரதம அதிதி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்ததில் அந்த நாற்பதும் பதினைந்தாகியது. அருச்சுனனுக்கு ஆடிய பையன் பதினெட்டு வயது. மேசன் வேலைக்குப் போகிறவன். வரவுப் பாட்டு முடித்து, தாளக்கட்டுக்கு ஆடிச் சுழன்று, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகியபடியே நாலு பக்கமும் நின்று பாடினான். மூன்றாவது பக்கம் திரும்பியபோது அவன் முதுகு முன்வரிசைக்கு. உடனே ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்து ஒழுங்கமைக்க வந்திருந்தவர் மேடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து, “சேருக்கு முதுகக் காட்டாம ஆடச் சொல்லுங்க” என்றார். சொல்லப்பட்டது. மிச்சத்தை அந்தப் பையன் சுவரில் ஒட்டிய பல்லிபோல ஒரே பக்கம் பார்த்து ஆடி முடித்தான்.

களரியில் முதுகு என்று ஒரு விசயமே கிடையாது. மண்ணைக் கொத்தி ஒள்ளுப்பம் உயர்த்தி, வட்டமாக்கி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டினால் களரி. அண்ணாவியார் மத்தளத்தோடும், சல்லரி என்கிற தாளம் போடுகிறவர், பிற்பாட்டுக்காரர் அவரோடும் களரிக்குள்ளேயே நிற்பார்கள். சனம் சுற்றிவர. ஆடுகிறவன் ஒருமுறை உனக்கு முகம் காட்டுவான், ஒருமுறை முதுகு காட்டுவான். முதுகு காட்டும்போது எதிர்ப்பக்கத்து ஆட்களின் முகம் உனக்குத் தெரியும். தன் மகன் ஆடுகிறான் என்று ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டிருப்பதும், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி அதைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பதும் கூத்தில் சேர்த்திதான். அதே பாட்டை நாலு பக்கமும் பாடுவது அலுப்புக்காக இல்லை. அப்போது மைக் இல்லை. களரியில் முறையாக இருந்தது மேடையில் பிழையாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. கூத்தை மேடையில் ஏற்றியது எங்கள் ஊர்க் கலைவிழாக் குழு அல்ல. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, ஒருபக்கம் பார்த்த மேடைக்கு ஏற்றபடி அமைத்தார். 1962-இல் ‘கர்ணன் போர்’. பிறகு வந்த ‘இராவணேசன்’ மௌனகுரு எழுதி ஆடியது. நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று மூக்கைச் சுளித்த படித்த சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடைகளால்தான். ஆனால் அங்கே மேடைக்கென்று நெறிப்படுத்தினார்கள். எங்கே நிற்பது, எப்படித் திரும்புவது, எதை விடுவது என்று மாதக்கணக்கில் யோசித்தார்கள். நாங்கள் அப்படியா செய்தோம்? வட்டத்தில் பழகியதை அப்படியே தூக்கி மேடையில் வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தோம். பிறகு களரியிலேயே, ஊர்ச் சனத்தோடு இருந்து, கூத்தை மீளுருவாக்குகிறோம் என்று சி. ஜெயசங்கரும் கூடியவர்களும் சீலாமுனையில் வேலை செய்தார்கள். எங்கள் குழுவில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதற்கெல்லாம் நேரமில்லை என்று முதலில் சொன்னவன் நான்தான். ஜெனரேட்டருக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை.

சரி, கதிரை வராத வருடத்துக்கு வருவோம்.

ஆறு மணி. சனம் வரத் தொடங்கிவிட்டது. கச்சான்காரிகள் இடம்பிடித்துவிட்டார்கள். எங்கள் தலைவர் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி நாலே நாலு கதிரை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அந்தப் பெரிய வெளியில் நாலு கதிரையும் வழி தவறி வந்த மாடுகளைப்போல நின்றன. நான் பாய்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். கொட்டில் என் பெரியம்மாவுடையது. வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டா.

“என்ன மனே, தல விறைச்சுப்போய் நிக்காய்?”

“கதிர வரல்ல பெரியம்மா.”

“அதுக்கு? சனத்துட்டப் பாய் இல்லயா? கூத்துப் பாக்கப் பாயோட வாறதுதானே. மறுகா எங்க இருந்து வந்த இந்தக் கதிர?”

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பன்பாய் இழைக்கிறவ. இந்தத் தொழிலைப் பற்றிக் கொட்டிலில் வந்து நின்று “ஐயோ எவ்வளவு வடிவு” என்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவவின் முறைப்பாடு. பன் தண்ணீரில் நிற்கிற புல். குளத்து ஓரத்திலும் சதுப்பிலும் ஆளுயரத்துக்கு வளரும். அட்டை கடிக்கக் கடிக்க நின்று வெட்டவேண்டும். கட்டித் தலையில் தூக்கிவந்து வெயிலில் பரத்திக் காயவைக்கவேண்டும். ஒரு மழை நனைத்தால் கறுத்துப்போகும். நிறம் வேண்டிய பங்கைச் சாயத்தில் அவித்து மறுபடி காயவைக்கவேண்டும். சிவப்பு, பச்சை, ஊதா. பெரியம்மா ஊதாவைச் சாவு வீட்டு நிறம் என்று தொடமாட்டா. யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வரும்.

இழைக்கும்போது பார்க்கவேண்டும். நிலத்தில் இருந்து, இழைத்து முடித்த பகுதியின் மேலேயே ஒரு காலை மடித்து ஊன்றிக்கொள்ளுவா. அப்போதுதான் பாய் நழுவாது. கண் பாயில் இருக்காது. படலையில் போகிற ஆளில் இருக்கும். விரல் மட்டும் ஒன்றை எடுத்து ஒன்றை அமுக்கிப் போய்க்கொண்டிருக்கும். பன் முறிந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பேச்சை நிறுத்தாமலே புதுப் பன்னைச் செருகிவிடுவா. பாய் வளர வளர அவவும் அதன்மேல் நகர்ந்துகொண்டே போவா. முடிகிற நேரம் முழுப் பாயிலும் ஒருதரம் இருந்து பார்த்தாகிவிடும். விற்கப்போகும் பாயில் தான் ஏற்கெனவே இருந்துவிட்ட ஒரே வியாபாரி பாய்க்காரிதான் என்று சிரிப்பா.

மட்டக்களப்பான் பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று வெளியூரார் சொல்லும் கதை தெரிந்திருக்கும். வந்த விருந்தாளியை மந்திரத்தால் பாயோடு பாயாக ஒட்டிவைத்து ஊருக்குத் திரும்பவிடாமல் செய்துவிடுவோமாம். யாழ்ப்பாணத்தில் இருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே கலியாணம் கட்டி வளவு வாங்கி இருந்துவிட்டவர்களின் தாய்மார் கட்டிவிட்ட கதையாக இருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால், “அந்த மந்திரம் தெரிஞ்சா நான் ஏன் ஒரு பாய வித்துப்போட்டு, அடுத்த ஆள் வருமட்டும் ஈ ஓட்டிட்டு இருக்கன்?” என்பா. கொட்டிலுக்கு வருகிறவர்கள் கேட்ட விலையில் பாதியைச் சொல்லி, கடையில் பிளாஸ்டிக் பாய் இதைவிட மலிவு என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆக, ஒலிபெருக்கியில் அறிவித்தோம். “அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, தவிர்க்க முடியாத காரணத்தால்...” என்று அறிவிப்பாளர் இழுக்க, தலைவர் மைக்கைப் பறித்து, “வீட்டில இருந்து பாயோட வாங்க” என்றார். வெளியே ஒரு சிரிப்பு எழும்பியது. அரை மணித்தியாலத்தில் பாய்கள் வந்தன. உண்மையைச் சொல்லவேண்டும்: வந்ததில் முக்கால்வாசி பிளாஸ்டிக் பாய். நீலமும் பச்சையும், நடுவில் மயில் போட்டது. சிலர் உரச் சாக்கைப் பிரித்து விரித்தார்கள். பெரியம்மா அந்த மயில்களை, மகனைப் பிடித்துக்கொண்டு போன மருமகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தா.

ஆனால் பாயில் இருந்த சனத்துக்கு மேடை தெரியவில்லை. கதிரையில் இருப்பவருக்கென்று கட்டிய உயரம் அது. முன்னால் இருந்தவர்களுக்கு ஆடுகிறவனின் கால் மட்டும் தெரிந்தது, கழுத்து நொந்தது. சனம் மெல்ல மெல்ல மேடையை விட்டு விலகி வெளியின் நடுவுக்கு நகர்ந்தது. யாரும் சொல்லி நகரவில்லை. பாய்க்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. எந்தப் பக்கமும் திரும்பி இருக்கலாம். முதலில் கீழே இறங்கியவர்கள் எழுவான்கரையில் இருந்து வந்த முஸ்லிம் பொல்லடிக் குழு. பொல்லடி வட்டத்தில் ஆடுவது. சோடி சோடியாகக் கம்பை அடித்து, உள்ளே புகுந்து வெளியே வந்து பின்னிப்போகிற ஆட்டம். அவர்களின் தலைவரையும் அண்ணாவியார் என்றுதான் சொல்வார்கள். முந்திய வருடங்களில் மேடையில் இடம் காணாமல் அரைவட்டமாக நசுங்கி ஆடிவிட்டுப் போனவர்கள். அன்றைக்கு மணலில் முழு வட்டம் போட்டார்கள். கம்புச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. சின்னப் பிள்ளைகள் அதற்குப் பின்னால் தலையைச் சுழற்றி மயங்கி விழுந்து எழும்பி விளையாடினார்கள்.

இதைக் கண்டுவிட்டு மூன்றாம் நாளுக்கு எங்கள் அண்ணாவியார் ஒரே பிடியாக நின்றார். “கீழதான் ஆடுற. இல்லாட்டி மத்தளத்தத் தூக்கிட்டுப் போயிருவன்.” அவர் சொன்னால் செய்வார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் வீடு போய், கூத்துக் கொப்பி வைத்திருந்த பெட்டியும் போய், மனதில் இருந்ததைச் சொல்லச் சொல்லி இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்து, சட்டம் கொடுத்து, அதாவது ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டைப் பங்கிட்டு, மறுகாலும் ஆட வைத்தவர். யுத்தம் நடந்த காலத்தில் விடியவிடியக் கூத்து என்று நினைக்கவே முடியாத வருடங்களிலும், பழக்கத்தை நிறுத்தாதவர். கதிரையா அவரை மறிக்கப் போகிறது?

களரி முறையாகக் கட்ட நேரமில்லை. கமுகு நாலைந்தை நட்டு, மேலே வெள்ளைக்குப் பதில் பந்தல்காரரின் மஞ்சள் துணி. இரண்டு பல்பை இழுத்துக் கட்டினோம். கரப்புடுப்போடு அரசன் வந்தபோது, அந்த வளையம் வைத்துத் தைத்த உடுப்பு சுழலச் சுழல முன்னால் இருந்த பிள்ளைகள் காலை மடக்கிப் பின்னுக்குப் போனார்கள். கண்ணாடித் துண்டு பதித்த முடியில் பல்பு வெளிச்சம் பட்டு எதிர்ப்பக்கத்துச் சனத்தின் முகத்தில் பொட்டுப் பொட்டாக ஓடியது. அந்த மேசன் பையன் இந்தமுறையும் அருச்சுனன். நாலு பக்கமும் பாடினான். பொம்பிளைகள் பக்கத்தில் இருந்து குரவை கிளம்பியது.

எல்லாம் நன்றாக நடந்ததா என்றால், இல்லை. பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கவில்லை. “மைக்கக் கொண்டாங்கடா” என்று கூப்பாடு. முழங்கால் வருத்தக்காரர்கள் ஒரு மணித்தியாலத்தில் எழும்பி நடையைக் கட்டினார்கள். பிரதம அதிதி நல்ல மனிதர். கதிரையை விட்டுப் பாயில் வந்து இருந்தார், இருபது நிமிடத்தில் கால் மரத்துத் திரும்பக் கதிரைக்குப் போனார். அந்த வட்டத்தில் எது முன்பக்கம் என்று தெரியாமல் கதிரையை மூன்று தரம் மாற்றி வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாதிச் சனம் பாயிலேயே சரிந்துவிட்டது. பிள்ளைகள் நித்திரை, சண்டைக் கட்டம் வரும்போது தாய்மார் தட்டி எழுப்பினார்கள். என்னையும் என் அம்மா அப்படித்தான் எழுப்பியிருக்கிறா. கதிரையில் பிள்ளை நித்திரை கொள்ளாது. சிணுங்கும், பிறகு வீட்டுக்குப் போவோம் என்னும். கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கியதில் சிணுங்கலுக்கும் பங்கு உண்டு.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. எங்கள் விழாவில் பறைமேளம் உண்டு. வருடாவருடம் சந்தியில் இருந்து அதிதியைக் கூட்டிவந்து மேடைப் படியோடு நின்றுவிடும். அவர்கள் மேலே ஏறுவதில்லை, யாரும் ஏறச் சொல்வதுமில்லை. தேத்தண்ணி குடித்து ஏழு மணிக்குள் போய்விடுவார்கள். மட்டக்களப்புக்கே உரியது பறைமேளக் கூத்து. மேளத்தை அடித்தபடியே ஆடுவது, ஒரு மேளம் கேட்க மற்றது பதில் சொல்வது. சடங்கிலும் அவர்கள் வேண்டும், சாவிலும் வேண்டும், படிக்கு மேலே மட்டும் வேண்டாம். அந்த வருடம் நிற்பதற்குப் படி இல்லாததால் நேரே வெளிக்குள் வந்துவிட்டார்கள். சனம் வழிவிட்டு வட்டமாகியது. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து, சொர்ணாளி என்கிற குழல் முன்னே ஊத, ஒரு மணித்தியாலம் ஆடினார்கள். கூட்டம் விசிலடித்தது. நானும்தான்.

ஆடி முடித்தபின் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது எனக்கு அடுத்தநாள் கணக்குப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தாங்கள் கொண்டுவந்த சாக்கில். இத்தனை பாய் விரிந்த வெளியில் ஒரு பாய் அவர்களுக்கு விரியவில்லை. நானும் விரிக்கவில்லை. கொப்பியில் கூத்துக்கு ஒரு வரி, பொல்லடிக்கு ஒரு வரி. அவர்களுடைய தொகை ‘வரவேற்புச் செலவு’ என்ற தலைப்பில், பூமாலைக்கும் சோடாவுக்கும் நடுவில் இருந்தது. என் கையெழுத்து.

அடுத்த வருடம் கதிரை வந்தது. வேறு ஆளிடம் எடுத்தோம், முந்நூறும் நேரத்துக்கு வந்தன. மூன்றாம் நாள் மட்டும் கதிரையைப் பின்னுக்கு வளையமாகப் போடுவது, முன்னால் பாய் என்று நீண்ட சண்டைக்குப் பிறகு முடிவானது. முழங்கால் வருத்தக்காரரும் அண்ணாவியாரும் அரைமனதாகச் சம்மதித்தார்கள். கொப்பியில் பறைமேளக் கூத்து என்று புதுவரி போட்டேன். தொகையைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. “எப்பவும் குடுக்கிறதுதானே” என்கிறவர்கள் குழுவில் பெரும்பான்மை.

இந்த முறை ஊருக்குப் போனபோது, விழாவுக்கென்று பன்பாயே பத்து எடுப்போம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். குளத்தில் தண்ணீர் வற்றவேண்டும், பன் முற்றவேண்டும், பத்துக்குத் தன் ஒருத்தியின் கை காணாது, இரண்டு பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்று கணக்குப் போட்டா. பிறகு நிலத்தில் முழம் போட்டுக்கொண்டே கேட்டா.

“எத்தின பேருக்கு?”

“ஒரு பாயில நாலு பேர்.”

“நாலு பேர் இருக்கவா, படுக்கவா?”

“கூத்துப் பாக்க, பெரியம்மா.”

“அப்ப படுக்கத்தான்” என்று இன்னும் இரண்டு முழம் கூட்டினா.